துணைக் கேள்வி

செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை.
மணி அடித்தது. செங்கோல் வந்தது. உட்கார்ந்தோம்.
என் கேள்வி நானூற்றுப் பதினேழாவது.
எழுதிக் கொடுத்து மூன்று வாரம்;
கோபம் பாதி ஆறிப்போய்
ஏடு படிந்து கிடந்தது.

"லிட்டருக்கு நான்கு ரூபாய்
பேருந்துப் புதுப்பிப்பு நிதி என்று பிடிக்கிறீர்கள்.
ஏழு ஆண்டில் எவ்வளவு சேர்ந்தது?
எத்தனை வண்டி வாங்கினீர்கள்?
ஷெமென் கிரெனியேயிலிருந்து ரோஸ் பெல் போகும்
நாலு ஐம்பது பேருந்து
எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் நின்றது?"

ஆங்கிலத்தில் கேட்டேன்.
கிரியோலில் என்றால் இரண்டே சொல்: கோத் பிஸ்?
பஸ் எங்கே?
தமிழில் கேட்டால் குறித்துக்கொள்ள
அங்கே ஆளில்லை.

ஜினேத் இரண்டு சொல்கூட எழுதுவதில்லை.
விடியுமுன் என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்புவாள்.
வெறும் சாலை.
நாற்பத்தொரு படங்கள் இருக்கின்றன என்னிடம்.
ஒன்றில் நாய்.
ஒன்றில் தூறல், தெருவிளக்கின் கீழே மட்டும்.
ஒன்றில் கரும்பு பூத்திருக்கிறது.
எதிலும் பேருந்து இல்லை.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
ஆறு மணிக்குக் கையெழுத்துப் போடவேண்டும் அவள்.
டாக்ஸிக்கு இருநூறு.
அன்றைய கூலியில் மூன்றில் ஒரு பங்கு
கூலிக்குப் போய்ச் சேருவதற்கே.

அமைச்சர் எழுந்தார்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.
"தகவல் திரட்டப்பட்டு வருகிறது.
திரண்டதும் அவை நூலகத்தில் வைக்கப்படும்."

வெண்ணெயாக இருந்தால் இந்நேரம் திரண்டிருக்கும்,
தாழியும் உடைந்திருக்கும்.

துணைக் கேள்விக்கு எழுந்தேன்.
பையிலிருந்து நூறு ரூபாய்த் தாளை எடுத்து
உயர்த்திப் பிடித்தேன்.
பொருள்களைக் காட்டக்கூடாது என்றார் சபாநாயகர்.
மடித்துக்கொண்டேன்.
மடித்த பிறகும் தெரிந்தது
அதில் ஒரு துண்டு தமிழ்.
அந்த எழுத்தின் வரிசையை மாற்றினால்
தெருவுக்கு வந்துவிடுவோம் நாங்கள்.
என் அப்பாவும் வந்தார், வேட்டி கட்டிக்கொண்டு.
எழுத்து இருக்கும் இடத்துக்காகப் போராடினோம்.
ரூபாய் போன இடத்தைக்
கேட்டதாக நினைவில்லை.

அப்போதுதான் அமைச்சர்,
ஏதோ மறந்ததை எடுக்க வந்தவர்போலத் திரும்ப எழுந்து,
"மாண்புமிகு திருமதி வைத்திலிங்கம்
இன்று காலை எதில் வந்தார்?"

(சிரிப்பு. குறுக்கீடுகள்.)

குறிப்பேட்டில் அவ்வளவுதான் இருக்கும்.
என் வரிசையிலும் சிரித்தார்கள் என்பது இருக்காது.

சாம்பல் நிறக் கார். தோல் இருக்கை.
உறுப்பினருக்கான வரிவிலக்கில் வாங்கியது.
இந்தத் தீவு எனக்காக விட்டுக்கொடுத்த தொகை
கடைசிச் சதம்வரை எனக்குத் தெரியும்.
திரட்ட வேண்டிய தகவல் அல்ல அது.

சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன்.
நேரம் முடிந்தது என்றார் சபாநாயகர்.
நன்றி, ஐயா, என்றேன்.
நிஜமாகவே நன்றியாக இருந்தது.

ஒவ்வொரு செவ்வாயும் ஏழரைக்கு
அந்த நிறுத்தத்தைக் கடந்துதான் தலைநகர் போகிறேன்.
ஏழரைக்கு அங்கே யாரும் நிற்பதில்லை.

மறுநாள் நாலே முக்காலுக்குப் போனேன்.
முன்விளக்கில் கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டவள்
பழக்கம் விடாமல் கைபேசியை நீட்டிப் படம் எடுத்தாள்.
நாற்பத்திரண்டாவது படத்தில் என் கார்.

கதவைத் திறந்தேன்.
நிழற்குடைக்குள்ளிருந்து இன்னும் நாலு பேர்
வெளிச்சத்துக்கு வந்தார்கள்,
ஒருவர் கையில் தூக்குப்பாத்திரம்.
என்னைத் தவிர நாலு பேருக்குத்தான் இடம்.

ஜினேத் ஏறவில்லை.
கதவின் மேல் கைவைத்துக் குனிந்து,
அவையில் யாரும் கேட்காத தணிந்த குரலில்,
"எ திமே?" என்றாள்.

நாளைக்கு?

வண்டிக்குள் ஏதோ ஒன்று
கதவைச் சாத்து, கதவைச் சாத்து என்று
கீச்சிட்டுக்கொண்டே இருந்தது.