தராசு சரி

லீவார்டன் மருத்துவமனை, மூன்றாம் அறை,
காலை ஏழே முக்கால்.
வெளியே வாய்க்கால்
உறைவதா வேண்டாமா என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

மேசையில் யெல்மர். பதினொரு வயது.
பிறந்ததிலிருந்து உட்புறமாகவே
மடிந்து கிடக்கும் வலது மணிக்கட்டு.
சறுக்குக் காலணியின் கயிற்றை
ஒற்றைக் கையால் கட்டுவான்.
நேற்று வார்டில் கட்டிக் காட்டினான்,
என்னைவிட வேகம்.

கத்தி ஃப்ரௌக்யாவிடம்.
நான் தியெர்ட், விசைமானியைப் பிடிப்பவன்.
அதற்கு முன் ஒன்பது வருஷம்
லாவர்ஸோக் மீன் ஏலக்கூடத்தில் எடைக்காரன்.
படகில் போட்ட எடையும் கரையில் போட்ட எடையும்
ஒன்றாக வர வேண்டும்.
வராவிட்டால் யாரோ எடுத்திருக்கிறார்கள்.
எனக்குத் தெரிந்த அறம் அவ்வளவுதான்.

பாடப்படத்தில் தசை ஒரு கயிறு.
ஒரு முனை முழங்கையில், மறுமுனை மணிக்கட்டில்,
இந்தப் பக்கம் இழுத்தது அந்தப் பக்கம் வரும்.
படத்தில் பக்கத்துத் தசைகளுக்கு நடுவே
சுத்தமான வெள்ளைத்தாள்.

தசையில் இரண்டு மின்முனைகள்.
ஒரு துடிப்பு.
பதினெட்டு, என்றது திரை.

பிறகு நாணை அறுத்தாள்.
சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.
நாண் போய்விட்டால் கயிறு கயிறில்லையே,
அந்தக் கட்டத்தில் பூஜ்யம் எழுத
பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தேன்.

மறுபடி துடிப்பு.
மணிக்கட்டு மடங்கியது.

பதினைந்து.

ஒயரை ஆட்டிப் பார்த்தேன், திருகை முடுக்கினேன்.
எடைக்காரனுக்கு முதல் சந்தேகம் தராசின் மேல்,
இரண்டாவது சந்தேகம் மனிதர் மேல்.
"தராசு சரி," என்றாள் ஃப்ரௌக்யா, நிமிராமலே.
இடுக்கியால் தூக்கிக் காட்டினாள்:
வெங்காய மடல்களுக்கிடையே
உரிக்கும்போது விரலில் ஒட்டுமே, அது போல,
ஈரமாக, நரைத்து, வலை வலையாக
ஒரு தசையின் விலாவிலிருந்து
இன்னொன்றின் விலாவுக்கு.
நாண் இல்லாத தசை
தன் இழுப்பைப் பக்கத்துத் தசையிடம் தந்திருக்கிறது.
அது தன்னுடையதோடு சேர்த்து
மணிக்கட்டில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறது.

"படம் வரைகிறவர்கள் முதலில் இதைத்தான்
சுரண்டி வாளியில் போடுகிறார்கள்,"
என்று கத்தரியை எடுத்தாள்.

ஒரு சென்டிமீட்டர். பதின்மூன்று.
இன்னும் ஒன்று. பதின்மூன்றேதான்.
ரத்தக்குழாயை ஒதுக்கிவிட்டு இன்னொன்று,
திடீரென்று ஆறு.

கட்டத்தில் ஆறு என்று எழுதும்போதுதான்
ரெய்ண்டர் நினைவுக்கு வந்தான்.
கரையில் நாற்பது கிலோ குறைந்த ஒரு பெட்டி.
எல்லோர் முன்னாலும் அவன் பெயரைச் சொன்னேன்.
மறுநாளிலிருந்து அவன் வேலைக்கு வரவில்லை.
அடுக்கி வைத்த பெட்டிகள் அவை.
மேலே இருந்ததன் பனி
ராத்திரி முழுக்க உருகிச் சொட்டியிருக்கும்.
கீழ்ப் பெட்டியை
யாரும் மறுபடி எடைபோடச் சொல்லவில்லை.
நானும் போடவில்லை.

அறுத்த நாணைக் கையின் மறுபுறம் கொண்டுபோய்,
நிமிர்த்தும் நாணோடு தைத்தாள்.
ரத்தக்குழாய் ஓடும் இடத்தில்
கொஞ்சம் வலையை அப்படியே விட்டாள்.

மாலையில் யெல்மர் கண் விழித்து
மாவுக்கட்டைப் பார்த்தான்.
"அறுத்துட்டீங்களா?"
"ஆமாம்."
"முழுசா?"
தாளைப் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் இரண்டு.
"கிட்டத்தட்ட," என்றேன்.
வலது கையின் கட்டை மறந்து
இடது கையால் போர்வை நாடாவை
முடிச்சுப் போடத் தொடங்கியிருந்தான்.

வீட்டுக்குப் போக ஒரு நேர்வழி உண்டு.
ரெய்ண்டர் வீட்டு வாசலைத் தொட்டுப் போகும் என்பதால்
இத்தனை வருஷம் பாலத்தைச் சுற்றித்தான் மிதித்தேன்.
இன்று பாலத்துக்கு முன்பே சைக்கிள் திரும்பியது.
மன்னிப்பு என்று தொடங்க வராது எனக்கு.
அழைப்புமணியில் விரலை வைத்தபடி
ஒத்திகை பார்க்கிறேன்:

தராசு சரியாகத்தான் இருந்தது, ரெய்ண்டர்.
பெட்டிதான்
தனியாக இல்லை.