டின் மாறிய நாள்

அம்பத்தூர் எஸ்டேட்டில்
மருந்துப் பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில்
பதினாறு வருஷமாகப் பிழை பார்க்கிறேன்.
புள்ளி தொலைத்த மெய்யெழுத்து,
கால் ஒடிந்த நெடில்,
'உணவுக்கு முன்' என்பது
'உணவுக்குப் பின்' ஆகிவிட்ட ஒரு ராத்திரி ஷிப்ட்,
எதுவும் கண்ணுக்குத் தப்பியதில்லை
என் கால் வீங்கியதைத் தவிர.
செருப்புதான் சுருங்கிவிட்டதென்று
இரண்டு ஜோடி மாற்றினேன்.

டயட்டீஷியன் தந்த தாளில்
'வெந்தயக் கீறை' என்றிருந்தது.
பேனா எடுத்துத் திருத்திய பிறகுதான்
கீரையே கூடாது என்பதைப் படித்தேன்.

பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சு கொண்டுவந்தார்கள்.
எஸ்தர் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தாள்
இரண்டு செவ்விளநீர், ஸ்ட்ராவோடு.
எல்லாமே தாளின் வலது பக்கத்தில் இருந்தவை.
அவர்கள் படி இறங்கும்வரை காத்திருந்து
தேசிங்கு எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வருவார்.
அன்புக்குப் பொட்டாசியம் ஜாஸ்தி.

உருளைக்கிழங்கை நறுக்கி, ஊறவைத்து,
வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி,
புதுத் தண்ணீரில் திரும்பவும் வேகவைப்பார்.
தட்டுக்கு வரும்போது
அதற்குத் தான் உருளைக்கிழங்கு என்பதே
மறந்துபோயிருக்கும்.

அப்புறம் அந்த டின்.
பச்சை மூடி.
காலையில் ஒரு கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீரில்.
வெனிலா வாசனை என்று போட்டிருக்கும்.
ஈரக் காகித வாசனை அது,
எனக்குத் தெரியாதா.
போன தீபாவளி போனஸ் மொத்தம் ஏழு டின்.

பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி:
'டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு மட்டும்.'
கலக்கும்போது தினமும் படிப்பேன்.
வேண்டுதல் இல்லை. பழக்கம்.
'கா' அதன் இடத்தில் இருக்கிறதா
என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன்.

கத்திரி வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை
டாக்டர் திரையைப் பார்த்தார்,
என் இடது மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்,
நிறையச் சொன்னார்.
மின்விசிறிச் சத்தம்தான் நினைவிருக்கிறது.

அயனாவரம் மார்க்கெட் முனையில் ஜபருல்லா
சீட்டைப் பார்க்காமலே பச்சை மூடியை எடுப்பவர்.
அன்றைக்குப் படித்தார்.
ஸ்டூல் போட்டு ஏறி
மேல் தட்டிலிருந்து ஆரஞ்சு மூடியை இறக்கி,
தூசு இல்லாத டின்னைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
"இதுல புரோட்டீன் கூடம்மா. நல்லது"
என்றார், கல்குலேட்டரிடம்.

திருப்பிப் பார்த்தேன்.
'டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு.'
'கா' இருந்த இடத்தில் 'கி'.
'த' இருந்த இடத்தில் 'ய'.
மற்றபடி ஒரு பிழை இல்லை.
கையெழுத்துப் போட்டு
அச்சுக்கு அனுப்பிவிடலாம்.

தேசிங்குக்கு விளக்கிச் சொன்னேன்.
இவ்வளவு நாள் அளந்து தின்னச் சொன்னவர்கள்
இனிமேல் நிறையத் தின்னச் சொல்கிறார்கள்.
மெஷின் கெட்டதோடு
நல்லதையும் கொஞ்சம் கழுவிவிடுமாம்.
வாரத்துக்கு மூன்று தடவை
தண்ணீர் மாற்றி எடுப்பார்கள், என்னையும்.
அவர் சிரிக்கவில்லை.
பாட்டிலில் புதுக் கோடு போட்டார்,
ஒரு நாளைக்கு இதுவரைதான் தண்ணீர் என்று,
பழைய கோட்டுக்கு ரொம்பக் கீழே.

மறுநாள் விடியற்காலை அடுக்களையில் விளக்கு.
ஆரஞ்சு மூடி எனக்காகத் திறந்திருந்தது.
இரண்டு முட்டை வெள்ளை, உப்பில்லாமல்.
பக்கத்தில் பச்சை மூடியும் திறந்திருந்தது.
தேசிங்கு டம்ளரில் அதைக் கலக்கி
நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தார்,
மீசையில் வெள்ளையாக.

"உனக்கு எதுக்கு?"

"பாதி டின் இருக்கே. பிரிச்சதை
ஜபருல்லா திருப்பி எடுத்துக்க மாட்டாராம்."

"எப்படி இருக்கு?"

"பாயசம் மாதிரி."

பதினாறு வருஷப் பழக்கத்தில்
கை பேனாவைத் தேடியது.
விட்டுவிட்டேன்.

அவர் தட்டில்
என் பங்கு மஞ்சள் கரு இரண்டும்
ஆறிக்கொண்டிருந்தன.
இந்த மாசமாவது அவருக்கும்
ரத்தம் பார்த்துவிட வேண்டும்.