பதிமூன்று விநாடி

டோர்லைவ் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான்.
நான் தொழிற்சாலையில் கால் ஒடிப்பவள்,
நண்டின் காலைத்தான்.
பெர்லவோக்கில் இந்த இரண்டு வேலையும் பார்க்காதவர்கள்
பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்,
அல்லது கல்லறையில்.

நவம்பர் கடைசியில் சூரியன் போய்விடும்.
சனவரி பாதி தாண்டும்வரை முகம் காட்டாது.
யாரும் குறைப்படுவதில்லை.
கடன்காரன் ஊரில் இல்லாத மாதங்கள்போல்
கொஞ்சம் நிம்மதிகூட.

அவனுக்கு மட்டும் இருப்புக்கொள்ளாது.
சாப்பாட்டு மேசையில் கைப்பேசி,
கைப்பேசியில் காந்தப்புயல் கணக்கு.
மீனை வாயில் வைத்தவன் அப்படியே எழுந்திருப்பான்:
"ஐந்தைத் தாண்டிவிட்டது, குன்வோர்."
ஐந்தோ ஆறோ,
உருளைக்கிழங்கு ஆறுகிறது.

முதலில் ஒன்றும் தெரியாது. இதைச் சொல்லியாகவேண்டும்,
படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்
எங்கள்மேல் கோபப்படுகிறார்கள்.
மலைக்குப் பின்னால்
யாரோ சட்டி கழுவி ஊற்றிய தண்ணீர்போல்
ஒரு சாம்பல் கறை.
மேகம் என்றே நினைப்பீர்கள்.
மேகம் இப்படி மூச்சு வாங்காது.
பிறகு கறை இரண்டாய்க் கிழியும்.
கிழிந்த ஓரம் நடுங்கும்.
சில இரவுகளில், சில நிமிடங்கள்,
ஒரேயடியாகப் பச்சை கொட்டும்,
அடிவிளிம்பில் ரோசா ஓடும்,
என் கையுறையில்கூடப் பச்சை படியும்.
அப்போது அவன் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.
குனிந்து முக்காலியோடு சண்டை.

அந்த இரவு மைனஸ் பதினேழு.
பாட்டரிகள் ஒவ்வொன்றாய்ச் செத்தன.
உயிருள்ள ஒன்று என் அக்குளில்,
முட்டைபோல் அடைகாத்துவந்தேன்.
"கொண்டு வா!"
கொண்டுபோனேன், டார்ச் அடித்துக்கொண்டு,
நேராய், படத்தின் குறுக்கே.
"ஐயோ, திறந்திருக்கிறது!"
ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தான்.
வழுக்கினேன். எழுந்தேன்.
நல்ல வார்த்தை அல்லாத ஒரு வார்த்தை சொன்னேன்.
பன்னிரண்டு. பதிமூன்று. கிளிக்.

படத்தில் வானம் பற்றியெரிகிறது.
கீழே வெள்ளைச் சரிவு, அதில்
இடமிருந்து வலமாக ஒரு மஞ்சள் கோடு,
நடுவில் ஒரு சறுக்கல், ஒரு முடிச்சு.
நான் இல்லை.
இரண்டு கம்பளிச் சட்டை, அண்ணனின் பூட்ஸ்,
முழுசாய் ஒரு மனுஷி.
நகர்கிறவளைக் கேமரா நம்பவில்லை.
டார்ச்சை மட்டும் நம்பியது.

வங்கி அதை நாட்காட்டிக்குக் கேட்டது.
"பிப்ரவரிக்கு. அந்தக் கீறலை மட்டும் எடுத்துவிட்டால்."
கீறல்.
டோர்லைவ் என்னைப் பார்த்தான்.
நான் அடுப்பைப் பார்த்தேன்.
எங்கள் காருக்கு நான்கு டயர் மாற்றவேண்டியிருந்தது.
எடு, என்றேன்.
ஒரு கோட்டை எடுக்க அவனுக்கு மூன்று இரவு.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஊரெல்லாம் அந்தப் பிப்ரவரி.
பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடி பார்த்தேன்:
யாரும் நடக்காத சரிவு.
"என்ன அமைதி, இல்லையா?" என்றார்.
வாயில் பஞ்சு. தலையசைத்தேன்.

அன்றுமுதல் டார்ச் எடுப்பதில்லை.
அவன் ஒன்று என்று தொடங்கியதும்
கறுப்புக் கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு
படத்துக்குள் இறங்குகிறேன்.
காற்று இறுக்கிய பனியில் தடம் விழாது.
நிற்கக் கூடாது, நின்றால் கறையாகிவிடுவேன்.
தலைக்கு மேல் அத்தனை ஆரவாரம்,
ஒரு சத்தம் இல்லை.
அவன் எண்ணுவது மட்டும் முதுகில் விழும்.

இந்தக் குளிர்காலத்தில் பதினோரு படம்.
ஒன்றிலும் நான் இல்லை.
எல்லாவற்றிலும் நடந்திருக்கிறேன்.

போன வாரம் பனி புதிது, முழங்கால் ஆழம்,
நடை தாமதம்.
பன்னிரண்டு, என்றான்.
நான் இன்னும் பாதியில்.
கொஞ்சம் பொறுத்து,
பன்னிரண்டு, என்றான் மறுபடி.