பக்கம் 214

போடோவில் நவம்பரில்
இரண்டரை மணிக்கே இருட்டிவிடும்.
அப்படியொரு மாலையில்தான்
உலாவியின் ஓரத்துக்கு அந்தப் பொத்தானைச் செய்தேன்.
பதினாறு வரி நிரல், அவ்வளவே.
கட்டுரையின் அடியில்
எறும்புச் சாரியாய்ப் போகும் மேற்கோள்களில்
எது எங்கள் நூலகத்தில் உண்டோ
அதன் பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி.
சொடுக்கினால் வாசல்.

ரன்வெய்க் வந்தாள்,
கலைமான் குடற்புழுக்களை ஆராய்பவள்.
தொப்பியில் இன்னும் உருகாத பனி.
"உன் புள்ளி பொய் சொல்கிறது."

மின்பிரதி இல்லாத இதழ் அது.
நிலவறை, தொகுதி முப்பத்தொன்று, 1974.
மறுபடி இருவருமாக இறங்கினோம்.
கைப்பிடியைச் சுழற்ற
அலமாரி முனகிக்கொண்டே விலகியது.

பக்கம் 214.
கலைமான் இல்லை. புழுவும் இல்லை.
பால் கறக்கும் இயந்திரத்துக்கு விளம்பரம்,
பக்கத்தில் சிரிக்கும் ஒரு பசு.

புள்ளி பொய் சொல்லவில்லை.
சொன்ன விலாசத்தில் சரியாகத்தான் இறக்கிவிட்டிருக்கிறது.

முப்பத்தெட்டுக் கட்டுரைகள்
இந்தப் பக்கத்தைச் சாட்சிக்கு இழுத்திருக்கின்றன.
ஒருவரும் வந்து பார்த்ததில்லை.
முதலில் யாரோ ஓர் எண்ணைத் தப்பாக எழுத,
மற்றவர்கள்
அழகாகப் படியெடுத்திருக்கிறார்கள்.

நான் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை;
அவளுடைய மூன்றாம் அத்தியாயம்
இதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

கோட்டைக் கழற்றி விரித்துத் தரையில் உட்கார்ந்தாள்.
தொகுதி முப்பதை எடுத்து
முதல் பக்கத்திலிருந்து புரட்டலானாள்.

மேலே வந்து காபி போட்டேன், இரண்டு கோப்பை.
பிழைப் பதிவேட்டில் எழுதினேன்:
'இணைப்பு வேலை செய்கிறது.'
புகாரை மூடிவிடலாமா என்று திரை கேட்டது.

கீழே
தாள் திரும்பும் சத்தம்.

இல்லை, என்று அழுத்தினேன்.