காரணம் என்ற கட்டம்

செகாம்புட்டில் ஒரு டோபிக் கடை.
துவைக்கும் இயந்திரங்கள் ஆறு.
ஆறிலும் ஆறு வந்து உட்கார்ந்திருக்கிறது.
வட்டக் கண்ணாடிக்குள்
பால் விட்ட தே நிறத்தில் அசையாத நீர்,
யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிக் காலுறை,
சாக்கடைக் கப்பி மீன் ஒன்று,
உயிரோடு.

நான் சேதம் அளக்க வந்தவள்.
காப்புறுதி நிறுவனம் அனுப்பிய ஆள்.
அளவு நாடா, ரப்பர் பூட்ஸ், நான்கு பக்கப் படிவம்.
மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்: காரணம்.
தீப்பெட்டி அளவுதான் இருக்கும்.

எவ்வளவு கிடைக்கும் என்று
கமலவேணி கேட்கவே இல்லை.
"மூணு மணிக்கு இருட்டுச்சு மிஸ்.
நாலரைக்கு நெஞ்சு மட்டம்.
ரெண்டு லோட் துவைக்கிற நேரம்தான் லா."

அலுவலகத்தில் ஹரிகரன் சிரிப்பான்:
சேறு கூடும் இடம் என்றுதானே இந்த ஊருக்கே பெயர்,
எழுபத்தொன்றில் மூழ்காததா,
அப்போது யார் பூமியைச் சூடேற்றினார்கள்?
அவன் சொல்வதில் பாதி உண்மை.
மீதியிலும் கொஞ்சம்
குன்றை மொட்டையடித்த அடுக்குமாடிக்காரனுக்குப் போகும்,
கொஞ்சம் மதகில் சிக்கிய சோற்றுப் பெட்டிகளுக்கு.
எந்தத் துளி யாருடையது என்று
நான் சத்தியம் செய்ய மாட்டேன்.
அது என் வேலையும் இல்லை.

ஆனால் பின்கட்டு வாசல் நிலையில்
பென்சில் கோடுகள்.
தர்வின், ஐந்து. தர்வின், ஆறு.
நான்கு வருடம் முன் வந்த தண்ணீர்
ஆறு வயதைத் தொட்டு நின்றிருக்கிறது;
எவ்வளவு தேய்த்தும் அந்தப் பழுப்பு போகவில்லை.
இந்த முறை ஒன்பது.
நாடாவை நீட்டிப் பார்த்தேன்:
நூற்று முப்பத்து மூன்று சென்டிமீட்டர்.
மாடிப்படியில் இருந்த பையன் சொன்னான்,
"எனக்குப் பதினொன்னு.
இன்னும் நான்தான் உயரம்."

படிவத்தின் பின்புறம் எறும்பெழுத்தில் ஒரு விதி:
மெல்ல மெல்ல நேரும் சேதத்துக்கு
நிறுவனம் பொறுப்பல்ல.
துரு, கறையான், ஓதம் ஏறிய சுவர்.
திடீரென்று வந்தால் பணம்,
மெதுவாக வந்தால் உன் பாடு.
எத்தனை பேருக்கு இதை வாசித்துக் காட்டியிருப்பேன்!
இரவு மூன்று மணிக்கும் சூடு இறங்காத
என் வீட்டுச் சுவரை
எந்தப் படிவத்தில் எழுத?

நேற்றும் தொலைக்காட்சியில் இருவர்
நிஜமா, மிகையா,
இன்னும் ஆராய வேண்டாமா என்று
நடுநிசி வரை பேசினார்கள்.
எங்கள் பதினேழாம் மாடியில் யாரும் பேசவில்லை.
குளிரூட்டிய அறையில் ஒருவர்
இந்த அஞ்சல் எண்ணுக்கு எதிரே இருந்த தொகையை அழித்தார்.
அவ்வளவுதான்.
அடுத்த தவணையிலிருந்து
இந்தத் தெருவுக்கு வெள்ளக் காப்புறுதி கிடையாது.
கடிதம் என் பையில் இருந்தது.
அளக்க வந்தவளே
அதையும் கொடுக்க வேண்டியவள்.

கட்டத்தில் "கனமழை" என்று எழுதினேன்.
பேனா சற்று அங்கேயே நின்றது.
இடமில்லை.

அவள் படித்தாள். மடித்தாள்.
கூரையை ஒட்டிய பலகையில் செருகினாள்.
முருகன் படம், பாஸ்போர்ட்டுகள்,
பையனின் பிறப்புப் பத்திரம்
எல்லாம் இப்போது அங்கேதான் குடியிருக்கின்றன.

மணி இரண்டே முக்கால்.
பத்துமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.
"வண்டி எங்க மிஸ் நிப்பாட்டினீங்க?"

மேம்பாலத்துக்குப் பக்கத்தில். மேட்டில்.
பத்து நிமிட நடை.
எந்த வருடத்திலிருந்து
அப்படி நிறுத்தத் தொடங்கினேன் என்று
யோசித்துக்கொண்டே நடந்தேன்,
கொஞ்சம் வேகமாக.