படைக்காதது

பங்குனி உத்திரத்துக்குக் குலசாஸ்தா கோயில் போய்
இருட்டியபின் திரும்பினாள் பிரம்மசக்தி.
எங்கள் நடையில் நின்று
கூடைக்குள்ளிருந்து ஒரு தூக்குச்சட்டியைத்
தனியே எடுத்து நீட்டினாள்.
"படைக்கதுக்கு முந்தியே கோரி வச்சிட்டேன் சார்.
நீங்க தைரியமா சாப்பிடலாம்."

பதினொரு வருஷமாக இப்படித்தான்.
காய்ந்த ஓலை எரித்துப் பொங்கிய பொங்கல்,
அவள் தெய்வத்துக்கு முன்னால் எனக்கு.
என் மனச்சாட்சி எந்த இடத்தில் இடறும் என்று
அவளுக்குத் தெரியும்.
அவள் புருஷன் எந்த இடத்தில் விழுந்தான் என்று
எனக்கும் தெரியும்.

தை மாதம், திசையன்விளை சாலை.
காற்றாலையில் ராக்காவல் முடித்து
மொபெட்டில் வந்துகொண்டிருந்தான் கொம்பையா.
விடிந்தும் விடியாத நேரம்.
ஆனாலும் துரைப்பழம் அண்ணாச்சியின் வெள்ளைக் கார்
ஓரம் மாறி வந்ததைப் பார்க்கிற அளவுக்கு
வெளிச்சம் இருந்தது.
பாலுக்காக நின்றிருந்தேன்.
பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த வசனத்தைக்கூட வாசித்தேன்,
அதிகாரம், எண் வரைக்கும்.

ஸ்டேஷனில் பிரம்மசக்தி சொன்னாள்:
"சார்வாள்ட்ட கேளுங்க. அவுக வேதக்கார ஆளு.
உள்ளத உள்ளபடி சொல்லுவாக."
ஏட்டு பேனாவைத் திறந்தார்.

இருட்டா இருந்துச்சு, என்றேன்.

அதைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது என்று
வீடு வரும் வழியெல்லாம்
என்னோடு நானே பேசிக்கொண்டு வந்தேன்.
தை மாதத்தில் அந்நேரம் இருட்டுத்தானே.

அண்ணாச்சி சபையில் கமிட்டி,
நான் கிளார்க்காக இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர்.
ஜெமிமாவின் வேலைத்தாள் அவர் மேசையில் கிடந்தது.
மறுவாரம் கையெழுத்தானது.
முதல் சம்பளத்தில் பிள்ளை தசமபாகம் பிரித்தாள்.
எண்ணி உறையில் போட்டவன் நான்.
நோட்டுகள் புதுசு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

லெந்து காலம். புதன்தோறும் கூடுகிறோம்.
ஜெப நோட்டில்
'வெளியே இருக்கிறவர்கள்' என்று ஒரு பக்கம் உண்டு.
பதினாலாவது பெயர் பிரம்மசக்தி.
பக்கத்தில் பென்சிலால்: கணவருக்குக் கால்.
போன வாரம் என் முறை.
அவள் கண்கள் திறக்கப்பட வேண்டும் என்று ஜெபித்தேன்,
என் கண்களை இறுக மூடிக்கொண்டு.
துரைப்பழம் அண்ணாச்சி ஆமென் என்றார்,
எல்லாருக்கும் முந்தி.

சுவருக்கு அந்தப் பக்கம் கொம்பையா
காலில் நான்கு திருகாணியோடு
கட்டிலில் கிடந்து போனில் கிரிக்கெட் பார்க்கிறான்.
என்னைக் கண்டால் எழும்பப் பார்க்கிறான்.
"இருங்க, இருங்க" என்பேன்.
தையிலிருந்து அவனிடம் நான் பேசியது
அவ்வளவுதான்.

அவளுக்குத் தெரிந்திருக்குமோ?
தெரிந்தும் கோரி வைத்தாளென்றால்
நான் எங்கே போய் ஒளிய.
தெரியாமல் என்றால்
அது இன்னும் மோசம்.
ஆண்டவரே,
அன்றைக்கு ஸ்டேஷனில் அவள் சாட்சிக்குக் கூப்பிட்டது
என்னை இல்லை.
என்னைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?
உம்மைக் கூப்பிட்டாள்.
உம் பெயரைச் சொல்லித்தான்
அந்தப் பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தார்கள்.

சாமிக்குப் படைத்ததைத் தொடமாட்டான் என்று
ஊரில் எனக்கு நல்ல பெயர்.
துரைப்பழம் அண்ணாச்சிக்குப் படைத்ததை
மூன்று வேளையும் பிசைந்து தின்கிறேன்.

பொங்கல் ஆறி, மேலே நெய் உறைந்துவிட்டது.
தேரிப் பக்கம் மயில் ஒன்று அகவுகிறது,
மறுபடியும்,
மறுபடியும்.
இந்தத் தெருவில் இப்போது யாரும் சேவல் வளர்ப்பதில்லை.

"சட்டிய வெறுமனே குடுக்கக் கூடாது,
சீனி போட்டுக் குடுக்கட்டா?"
அடுக்களையிலிருந்து கேட்கிறாள் மனைவி.
நான் சட்டையை மாட்டிக்கொண்டு
வண்டிச் சாவியைத் தேடுகிறேன்.
ஸ்டேஷன் எட்டு கிலோமீட்டர்.
வாக்குத்தத்த அட்டைக்குப் பின்னால் தேடுகிறேன்,
பெட்டிக்கு அடியில் தேடுகிறேன்.
சாவி என் கையில்தான் இருக்கிறது.