பதினைந்தாவது பேர்

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குள்
பதினைந்து பேர் வேண்டுமாம்.
பதினான்கு சேர்ந்துவிட்டது.
கடைசிக் கோடு மட்டும்
கவ்வாத்து வெட்டிய மலைபோல் மொட்டையாய்க் கிடக்கிறது.

ஒன்று குறைந்தாலும்
கண்டியிலிருந்து ஜெர்மன் மிஸ் வரமாட்டா.
தரம் ஒன்பது, பி வகுப்பு, கேட்கிறதா?
லோஜினி, நகம் கடிப்பதை நிறுத்து.

"சிங்களமே தட்டித் தடவித்தான் வருது,
இங்கிலீசில எஸ் எடுக்க நேர்த்தி வைக்கணும்,
இதுல ஜெர்மனா?"
வாங்கில் உட்கார்ந்து
மேசையில் தாளம் போட்டபடி டிலுக்ஷன்.
அடேய், அந்த வாங்கும் மேசையும்
போர்த்துக்கீசன் விட்டுப்போனது.
சன்னலும் அவனுடையது, அலுமாரிச் சாவியும்.
இடைவேளைக்கு மணியடிக்குமுன் ஓடுகிறாயே,
அந்தக் கக்கூசு ஒல்லாந்தனுடையது.
சிரித்தது போதும்.
உன் அப்பா விடியலில் போகும் பிரட்டு
துரையின் பரேட்;
நம் நாக்கில் வழுக்கி விழுந்து எழுந்தது.
கடல் தாண்டி வந்த இத்தனை சொல்லையும்
ஒரு பரீட்சை எழுதாமல்
வாய்க்குள் வைத்திருக்கிறாய்.
இன்னும் கொஞ்சத்துக்கு இடமில்லையா?

ஃபர்ஹானாவுக்கு வேறு கேள்வி:
"போனில் கேட்டால் சொல்லாதா?"
சொல்லும். எனக்குச் சொல்லிற்று.

போன வருடம் டெவன் பக்கம் ஒரு வேன் நின்றது.
இறங்கிய வெள்ளைக்காரி
பாதையோரம் கொழுந்தெடுத்த அம்மாவைப் படம் பிடித்தாள்.
அம்மா இடுப்புப் படங்கைச் சரிசெய்தாள்,
அட்டை கடித்த காலைப் பின்னுக்கு இழுத்தாள்.
படத்தைப் பார்த்துப் புருஷனிடம்
ஒரே ஒரு சொல் சொன்னாள் அவள்: ஷோன்.
அவனும் தலையாட்டினான்: ஷோன்.
வேன் போய்விட்டது.
"என்னாடி சொன்னாங்க?" என்றாள் அம்மா.
எட்டாம் தரத்தில் முதலாம் பிள்ளை நான்,
வாயைத் திறக்கவில்லை.
கேலியா, இரக்கமா,
வெயிலைப் பற்றி ஏதாவதா?

அன்றிரவு போனில் எழுத்துக்கூட்டிப் போட்டேன்.
"ஏற்கெனவே" என்றது போன்.
ஏற்கெனவே என்ன?
ஏற்கெனவே களைத்தவளா, கறுத்தவளா,
ஏற்கெனவே எங்கோ பார்த்துச் சலித்தவளா?
மூன்று மாதம் அந்தச் சொல்
சப்பாத்துக்குள் கல்லாய்க் கிடந்தது.

ஹட்டன் நூலகத்தின் அடித்தட்டில்
முதுகு கிழிந்த அகராதி ஒன்று.
அதில்தான் கண்டேன்,
நடு எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி.
நான் வைக்காமல் விட்டது.
நமக்குத் தெரியாததா இது,
ஒரு புள்ளி போனால்
பல் பல ஆகிவிடும் பாஷை நம்முடையது.
புள்ளியோடு படித்தால்
அந்தச் சொல்: அழகு.

அம்மாவிடம் சொன்னேன்.
"போடி" என்றாள்.
அடுப்பை ஊதினாள், வெகுநேரம் ஊதினாள்.
பிறகு திரும்பாமலே,
"அத இன்னொரு தரம் அவங்க மாதிரியே சொல்லு."

ஜெர்மன் படித்தால் வேலை கிடைக்குமா?
தெரியாது.
எல்லாருக்கும் கிடைக்கும் என்றால் பொய் சொல்கிறேன்.
எனக்கு வேண்டியது
அடுத்த வேன் நிற்கும்போது கேட்க ஒரு கேள்வி:
படம் எடுக்குமுன் பேர் கேட்டாயா?
தெய்வானை அவள் பேர்.
அழகுதான், தெரியும்.
பேரையும் எழுதிக்கொள்.

தோட்டத்தில் அம்மாவுக்கு
நிறுவை சரியாக இருந்தால்தான் முழுப்பேர்,
ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர்.
இந்தத் தாளில் தராசு இல்லை.
கிறுக்கினாலும் முழுப்பேர்.

டிலுக்ஷன்,
பேனா உன் போர்த்துக்கீச மேசைமேல்தான் கிடக்கிறது.
மை அடைக்கும்.
உதறிவிட்டு எழுது.